தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் விலங்குக் கதைகள்

விலங்குகள் பேசும் பழைய சிறுவர் கதைகளைக் கார்ட்டூனாக வரைந்து, தொலைக்காட்சியில் வாரத் தொடராகக் காட்டும் வழக்கம் 1970களில் ஜப்பானில் வலுப்பெற்று உலகெங்கும் பரவியது. ருட்யார்டு கிப்ளிங்கின் ஜங்கிள் புக், ஹியூ லாஃப்டிங்கின் டாக்டர் டூலிட்டில், வால்டெமர் பொன்செல்ஸின் தேனீ மாயா, இந்தியாவின் பஞ்சதந்திரம், ஜாதகக் கதைகள் ஆகியவை இவ்வாறு திரைக்கு வந்தவற்றுள் சில. தமிழ்நாட்டின் தென்கிழக்கு ஓரத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தில், இத்தகைய கார்ட்டூன்கள் முதலில் வந்து சேர்ந்தது தமிழில் அல்ல. கடலுக்கு அப்பாலிருந்து சிங்களத்திலும், பின்னர் டெல்லியிலிருந்து இந்தியிலும் அவை வந்தன. ஒரு கதை புத்தகத்திலிருந்து திரைக்கு வரும்போது என்னென்ன மாறுகிறது, யார் மொழியில் சொல்லப்படுகிறது என்பது ஏன் முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள இந்த வரலாறு உதவும்.

கதைகளின் பயணம்

விலங்குக் கதைகள் ஊர் விட்டு ஊர் போவது தொலைக்காட்சியால் தொடங்கியதன்று. வடமொழிப் பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பழைய மொழியான பகலவிக்குச் சென்றது. 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' என்று எழுதினார். அங்கிருந்து அது ஐரோப்பிய மொழிகளுக்குப் போயிற்று. தமிழில் தாண்டவராய முதலியார் மராத்தி வழியாகப் பஞ்சதந்திரக் கதைகளை உரைநடையில் எழுதினார். நூல் 1826இல் வெளிவந்தது. தமிழ் உரைநடையின் தொடக்க கால நூல்களுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் கதைகள் தமிழ் மண்ணில் அதற்கும் வெகுகாலம் முன்பே இருந்தன. பிள்ளையைக் காத்த கீரியைத் தவறாக நினைத்துக் கொன்றுவிட்ட பார்ப்பனப் பெண்ணின் கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் வருகிறது. கணவன் கைவிட்டுப் போன அந்தப் பெண்ணுக்குக் கோவலன் உதவுகிறான். பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்திலும் இதே கீரி உண்டு. கிப்ளிங் 1894இல் வெளியிட்ட ஜங்கிள் புக்கிலும் ஒரு கீரி இருக்கிறது. அதன் பெயர் ரிக்கி டிக்கி டாவி. அது பாம்புகளைக் கொன்று, வீட்டாரின் செல்லமாகச் சுகமாக வாழ்கிறது. சக் ஜோன்ஸ் அதை 1975இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அரைமணி நேரக் கார்ட்டூனாக்கினார். கதை சொன்ன குரல் ஆர்சன் வெல்ஸுடையது. உலகக் குழந்தைகள் திரையில் பார்த்தது வெற்றி பெற்ற கீரியை. தமிழ்ப் பாட்டிமார் சொன்னது செத்துப்போன கீரியை. இரண்டில் எது குழந்தையை அதிக நேரம் யோசிக்க வைக்கும் என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

எட்டுக் கதை, ஐம்பத்திரண்டு வாரம்

இந்தியக் குழந்தைகளிடம் மிகப் பரவலாகச் சென்ற விலங்குக் கதைத் தொடர் ஜங்கிள் புக். கிப்ளிங் பம்பாயில் 1865இல் பிறந்தவர். ஆனால் மோக்லியின் கதைகளை அவர் எழுதியது இந்தியாவில் இல்லை, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில். கதை நடக்கும் இடம் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சியோனிப் பகுதி. 1894, 1895ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டு நூல்களையும் சேர்த்தால் மோக்லியைப் பற்றிய கதைகள் எட்டுதான். மற்றவை வேறு விலங்குகளைப் பற்றியவை.

ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் இந்த எட்டுக் கதைகளை 52 வாரத் தொடராக்கியது. ஃபுமியோ குரோகாவா இயக்கினார். 1989 அக்டோபர் முதல் 1990 அக்டோபர் வரை டோக்கியோவில் ஒளிபரப்பானது. எட்டை ஐம்பத்திரண்டாக நீட்டுவதற்கு என்ன செய்வது? புதிய நிகழ்ச்சிகளைச் சேர்க்க வேண்டும், புதிய பாத்திரங்களைப் படைக்க வேண்டும். அப்படிச் சேர்க்கப்பட்டதுதான் கிச்சி என்னும் சிவப்புப் பாண்டா. சிவப்புப் பாண்டா இமயமலைச் சாரலில் வாழும் விலங்கு. சியோனிக் காட்டில் அதற்கு வேலையில்லை. ஆனால் மோக்லியோடு ஓடியாட ஒரு சிறிய தோழன் வேண்டும் என்பது தொடரின் தேவை. கிப்ளிங்கிடம் பெயரில்லாமல் 'தந்தை ஓநாய்' என்று மட்டும் இருந்த பாத்திரத்துக்கு இங்கே அலெக்சாண்டர் என்று பெயரும், வீரமும், குடும்பமும் கிடைத்தன.

இதற்கு முன்பே 1967இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் இதே நூலைத் திரைப்படமாக்கியிருந்தது. அதில் கா என்னும் மலைப்பாம்பு மோக்லியை விழுங்கத் துடிக்கும் கோமாளி வில்லன். நூலிலோ கா மோக்லியின் நண்பன். குரங்குக் கூட்டம் மோக்லியைத் தூக்கிக்கொண்டு போனபோது மீட்டு வருவதே அதுதான். மேலும் டிஸ்னி படத்தில் ஒராங்குட்டான் ஒன்று குரங்குகளுக்கு அரசனாக வருகிறது. ஒராங்குட்டான் இந்தியக் காடுகளில் கிடையாது; கிப்ளிங்கின் நூலிலும் கிடையாது. குரங்குகளுக்குத் தலைவனே இல்லை என்பதுதான் கிப்ளிங் அவற்றின் மேல் வைத்த குற்றச்சாட்டு. இந்த ஒரு மாற்றத்தில் கதையின் அச்சே முறிந்துவிடுகிறது. ஜப்பானியத் தொடர் சிவப்புப் பாண்டாவைச் சேர்த்தாலும் காவை நண்பனாகவே வைத்துக்கொண்டது. ஆகவே நூலுக்கு எது நெருக்கம் என்று கேட்டால் ஜப்பானியத் தொடரைச் சொல்வதே சரி. ரஷ்யாவில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அங்கே மொழிபெயர்ப்பில் பகீரா என்னும் கருஞ்சிறுத்தை பெண்ணாகிவிட்டது. 1967 முதல் 1971 வரை வெளிவந்த சோவியத் கார்ட்டூனிலும் பகீரா பெண்ணாகவே வருகிறது.

தூர்தர்ஷன் 1993இல் இந்தத் தொடரை இந்தியில் மொழிமாற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பியது. புலி ஷேர்கானுக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் நானா படேகர். முகப்புப் பாடலை எழுதியவர் குல்சார்; இசை விஷால் பரத்வாஜ். ஜப்பானியத் தொடரின் பாடலை அப்படியே மொழிபெயர்க்காமல் புதிதாகவே எழுதி இசையமைத்தார்கள். அது எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்றால், 2016இல் டிஸ்னியின் புதிய ஜங்கிள் புக் படம் இந்தியில் வந்தபோது அதே பாடலை மறுபடி பதிவு செய்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிப்ளிங் வைத்த பெயர்களில் பல இந்திச் சொற்கள். பாலூ என்றால் கரடி. ஹாத்தி என்றால் யானை. அகேலா என்றால் தனியன். ஷேர் என்பது புலியையோ சிங்கத்தையோ குறிக்கும். ஆக, இந்திக் குழந்தைக்கு அந்தப் பெயர்களைக் கேட்டவுடனே விலங்கும் குணமும் தெரிந்துவிடும். தமிழ்க் குழந்தைக்கு அவை வெறும் பெயர்கள். மோக்லி என்பதற்குத் தவளை என்று பொருள் என நூல் சொல்கிறது. அது மட்டும் எந்த மொழியிலும் இல்லாமல் கிப்ளிங்கே கட்டிய சொல், ஆகையால் எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. படம் புரியும், பாட்டு வாயில் வரும், வசனம் மட்டும் புரியாது என்ற நிலையில்தான் தமிழ்நாட்டின் பெரும்பாலான பிள்ளைகள் அந்தத் தொடரைப் பார்த்தார்கள். அதே பாலூவையும் ஷேர்கானையும் விமானியாகவும் தொழிலதிபராகவும் காட்டிய டிஸ்னியின் டேல்ஸ்பின் தொடரும் பின்னர் தூர்தர்ஷனில் இந்தியிலேயே வந்தது.

விலங்குகள் ஏன் அசையாமல் பேசுகின்றன

திரைப்படம் ஒரு நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு புதிய ஓவியம் வரைந்தால் 22 நிமிடத் தொடர்ப் பகுதிக்கு 31,680 ஓவியங்கள் வேண்டும். வாரம் ஒன்று என்ற கணக்கில் இது நடக்காத காரியம். ஆகவே ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைக்கும் முறை தொலைக்காட்சியில் வழக்கமாயிற்று. இதனால் எண்ணிக்கை 10,560 ஆகக் குறைகிறது. பேசும் காட்சிகளில் உடம்பை ஒரே ஓவியமாக வைத்து வாயை மட்டும் மாற்றினால் இன்னும் குறையும். அமெரிக்காவின் ஹன்னா பார்பெரா நிறுவனம் 1958இல் அறிமுகப்படுத்திய யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. தலையைத் தனி ஓவியமாகவும் உடலைத் தனி ஓவியமாகவும் வைத்தால் இரண்டும் சேரும் கோடு தெரியும். அதை மறைப்பதற்குத்தான் காலர்.

நான்கு காலில் நடக்கும் விலங்கை வரைவது இன்னும் கடினம். நடக்கும்போது நான்கு கால்களும் வெவ்வேறு நேரத்தில் தரையைத் தொடும். தோளும் இடுப்பும் ஏறி இறங்கும். கார்ட்டூன் விலங்குகள் பெரும்பாலும் எழுந்து இரண்டு காலில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஜங்கிள் புக் தொடரின் ஓநாய்கள் நான்கு காலிலேயே ஓடுவது அந்த வகையில் பாராட்ட வேண்டியது.

வாய் மட்டும் திறந்து மூடும் இந்தச் சிக்கன முறைக்கு எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. உதட்டசைவு எந்த மொழிக்கும் நெருக்கமாக இல்லாததால், எந்த மொழியையும் அதன்மேல் ஏற்றிவிடலாம். மனிதர் நடித்த படத்தை டப்பிங் செய்வதைவிடக் கார்ட்டூனை டப்பிங் செய்வது எளிது.

கடலுக்கு அப்பாலிருந்து

இந்த எளிமையை ஒரு கலையாகவே ஆக்கியவர் இலங்கையின் டைட்டஸ் தொட்டவத்த (1929-2011). லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) படத்தின் படத்தொகுப்பாளர் அவர். 1982இல் தொடங்கப்பட்ட இலங்கை ரூபவாஹினியில் டப்பிங் பிரிவை நடத்தினார். வெளிநாட்டுக் கார்ட்டூன்களை அவர் மொழிபெயர்த்தார் என்று சொல்வதைவிட, சிங்களத்தில் மறுபடி பிறக்க வைத்தார் என்பதே பொருந்தும்.

முதல் உலகப் போரின்போது போர்க்களத்திலிருந்து தன் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களில் ஹியூ லாஃப்டிங் உருவாக்கிய பாத்திரம் டாக்டர் டூலிட்டில், விலங்குகளின் மொழி தெரிந்த மருத்துவர். முதல் நூல் 1920இல் வந்தது. தொட்டவத்த அந்தக் கார்ட்டூனுக்கு வைத்த பெயர் 'தோஸ்தர ஹொந்தஹித்த'. நல்ல மனசு டாக்டர் என்று தமிழில் சொல்லலாம். டூலிட்டில் என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள கேலி போய், அந்த இடத்தில் கிராமத்துப் பிள்ளைக்கு உடனே பிடித்துப்போகும் ஒரு பெயர் வந்துவிட்டது. பக்ஸ் பன்னி முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. டாப் கேட் பூனை 'பிஸ்ஸு பூஸா', அதாவது பைத்தியக்காரப் பூனை, ஆனது. இலங்கையின் ஒரு தலைமுறைக்கு இவை அமெரிக்கப் பாத்திரங்கள் அல்ல, சொந்த ஊர்ப் பாத்திரங்கள்.

இது இராமநாதபுரத்துக்கு எப்படி வந்தது? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கினாலும் அதன் அலைகள் இவ்வளவு தெற்கே எட்டவில்லை. ரூபவாஹினியின் முதன்மை ஒளிபரப்புக் கருவி இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில் (2,524 மீட்டர்) இருந்தது. இடையில் மறைப்பதற்கு மலையேதும் இல்லை, கடல்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஆகவே 1980களில் தமிழகத்தின் தென்கிழக்குக் கடலோர மாவட்டங்களில் நீண்ட கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்து, தென்கிழக்கே திருப்பியவர்களுக்கு ரூபவாஹினி கிடைத்தது. காற்றடித்தால் படம் போய்விடும். யாராவது மாடியேறித் திருப்ப வேண்டும். தமிழ் நிகழ்ச்சிகளுக்காகவும் கிரிக்கெட்டுக்காகவும் பெரியவர்கள் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகே ஆன்டெனாக்கள் மேற்கே திரும்பின. இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது 1995இல். நாட்டின் மிக உயரமான கட்டுமானங்களுள் ஒன்றான அது வந்தபோது ஜங்கிள் புக் இந்தியில் ஓடி முடிந்திருந்தது.

இந்தியாவில் வரைந்தவை

இந்தியாவிலும் விலங்குக் கதைகளை வரையும் முயற்சி பழையதே. மத்திய அரசின் திரைப்படப் பிரிவு 1956இல் கார்ட்டூன் பகுதியைத் தொடங்கியபோது டிஸ்னி நிறுவனத்தில் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் பயிற்சி அளித்தார். 1957இல் வெளிவந்த 'பனியன் டீர்' ஒரு ஜாதகக் கதை: கருவுற்ற பெண்மானுக்குப் பதிலாகத் தன்னைப் பலிகொடுக்க வரும் மான் அரசனின் கதை. பின்னாளில் இந்திய அசைவூட்டத்தின் தந்தை எனப்பட்ட ராம் மோகன் (1931-2019) அந்தப் பகுதியில்தான் தொழில் கற்றார்.

விஜயா முளே இயக்கி 1974இல் வந்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' சில நிமிடங்களே ஓடும் படம். வேடன் வலையில் சிக்கிய பறவைகள் வலையோடு சேர்ந்து பறந்து, எலி நண்பர்களிடம் போய் வலையை அறுத்துக்கொள்கின்றன. பஞ்சதந்திரத்தில் நட்பைப் பற்றிய இரண்டாம் தந்திரத்தில் வரும் புறாக்களின் கதைதான் இது. வரைகலை பீம்சைன். தூர்தர்ஷன் இதைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் காட்டியது. பஞ்சதந்திரக் கதையைச் சிறு படமாக எடுப்பது எப்படி என்பதற்கு இன்றளவும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கதையை நீட்டவில்லை, விலங்குகளுக்குச் சட்டை போடவில்லை, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டது. ஆனால் இதுவும் இந்திதான்.

கணினி வரைகலை வந்தபின் ஹைதராபாத்தின் டி.க்யூ. என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2010இல் ஜங்கிள் புக்கை மறுபடி தொடராக்கியது. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000இல் பாண்டவர் கதையை முழுநீளப் படமாக்கியிருந்தது. வரையும் கை தென்னிந்தியாவில் இருக்கிறது என்பதற்கு இவை சான்று.

தமிழ்க் குரல்

தமிழில் முழுநேரச் சிறுவர் அலைவரிசையாகச் சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007 ஏப்ரலில் தொடங்கியது. அதில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொடர்களின் டப்பிங்தான். 'டோராவின் பயணங்கள்' பழைய கதை அன்று. ஆனாலும் ஒரு செய்திக்காக அதை இங்கே சொல்லலாம். பூட்ஸ் என்ற குரங்கு தமிழில் புஜ்ஜி ஆனது. முகமூடி போட்டுத் திருட வரும் நரி குள்ளநரி ஆனது. மூலத்தில் அது அமெரிக்க நரி. பெயர் மாறியவுடன் பஞ்சதந்திர காலம் முதல் தமிழ்க் குழந்தைக்குத் தெரிந்த அதே தந்திரக்காரன் வந்து நிற்கிறான். தொட்டவத்த இருபத்தைந்து ஆண்டு முன்பு சிங்களத்தில் செய்த வேலை இதுதான். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் தமிழில் சிரித்துக்கொண்டே பார்த்ததற்கும், வீட்டில் அந்த வசனங்களைச் சொல்லித் திரிந்ததற்கும் படத்தைவிடப் பெயரும் பேச்சுமே காரணம். கதையைத் தன் மொழியில் கேட்ட குழந்தை அதைத் திருப்பிச் சொல்லும். கதையைப் படமாக மட்டும் பார்த்த குழந்தை பாட்டை மட்டும் முணுமுணுக்கும்.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கப்பட்டது. பாடங்களுக்கு இடையே கதைகளுக்கும் இடம் தர முடியும் என்பதால், தமிழ் மூலமாகவே விலங்குக் கதைகளை வரைந்து காட்டுவதற்கு இப்போது ஒரு பொது மேடை இருக்கிறது.

கொக்கும் நண்டும்

அப்படி வரைவதானால் இடம் எங்கே என்ற கேள்வி எழும். பஞ்சதந்திரத்தில் குளம் வற்றப்போகிறது என்று பயங்காட்டி, மீன்களை வேறு குளத்துக்குக் கொண்டுபோவதாக ஏமாற்றித் தின்னும் கொக்கின் கதை உண்டு. வழக்கமாகக் கார்ட்டூன்களில் இதற்கு ஒரு தாமரைக் குளமும் பச்சைக் காடும் வரைந்துவிடுவார்கள். குளம் வற்றுவது அங்கே நம்பும்படியாக இருப்பதில்லை. மீன்கள் ஏன் கொக்கை நம்பின என்பதும் விளங்குவதில்லை.

முதுகுளத்தூர் வட்டாரம் மழையை நம்பிய கண்மாய்ப் பூமி. வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய் நிறையும்; பெய்யாவிட்டால் தைக்குள்ளேயே தரை வெடித்துவிடும். இவ்வட்டாரத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989இல் பறவைகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. பின்னர் இரண்டும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும். கண்மாய் நிறையாத ஆண்டில் அவை கூடு கட்டுவதில்லை. நீர் குறைந்து சேறாகும்போது கொக்குகள் வரிசையாக நின்று மீன் பொறுக்குவதை இங்குள்ள பிள்ளைகள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். பஞ்சதந்திரக் கொக்கின் பொய் இந்த நிலத்தில் பொய்யாகத் தோன்றாது. இன்னும் பத்து நாளில் தண்ணீர் இருக்காது என்று அது சொன்னால் மீன்கள் நம்பத்தான் செய்யும்.

கதையின் முடிவில் கொக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போகும் நண்டு, கீழே பாறையில் மீன் எலும்புகளைப் பார்த்து உண்மையை உணர்ந்து, கொடுக்கால் அந்தக் கழுத்தையே அறுத்துவிடுகிறது. சிறு குழந்தைகளுக்கான தொடர்களில் சாவைக் காட்டாமல் தவிர்ப்பது இப்போது பொது வழக்கம். கொக்கு மன்னிப்புக் கேட்டுப் பறந்துபோவதாக மாற்றலாம் என்று யாராவது சொல்லக்கூடும். தாண்டவராய முதலியார் மாற்றவில்லை. நண்டு கரையேறி, மிச்சமிருந்த மீன்களிடம் போய் நடந்ததைச் சொல்லவும் வேண்டும். அதற்குக் கொக்கின் தலை அதன் கொடுக்கில் இருந்தாக வேண்டும்.